மைனாரிட்டி அரசு யார் தயவில் வாழ்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிவு இழுபறியாக வரும்போதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் சுற்றி வருகின்றன. என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து, தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும்தான். நமக்கு வெளியூர் போகத் தேவையில்லாத அளவுக்குச் சரக்கு இங்கேயே இருக்கிறது.

மைனாரிட்டி அரசு என்றால் என்ன? கூட்டணி ஆட்சியும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. அமைச்சரவையில் இடம்பெற்ற கட்சிகள் எல்லாவற்றின் உறுப்பினர்களையும் கூட்டிப் பாருங்கள். அவையில் பாதிக்கு மேல் வந்தால் அது பெரும்பான்மை அரசு, கூட்டணியாக இருந்தாலும் சரி. பாதிக்குக் கீழே இருந்து, அமைச்சரவைக்கு வெளியே இருக்கும் கட்சிகளின் வாக்கால் ஓடினால் அது மைனாரிட்டி அரசு.

2024 தேர்தலில் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது 240 இடம். மக்களவையில் தேவை 272. ஆனால் தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் அமைச்சரவையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. கூட்டணிக் கணக்கு 293. எனவே அது மைனாரிட்டி அரசு அல்ல, ஒரு கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இல்லாத அரசு. 1989இல் வி.பி. சிங் அமைத்ததுதான் அசல் மைனாரிட்டி அரசு. ஜனதா தளத்துக்கு 143 இடம். வலப்பக்கம் பா.ஜ.க.வும் இடப்பக்கம் கம்யூனிஸ்டுகளும் வெளியே நின்று தாங்கிப் பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காது. பதினோரு மாதம் ஓடியதே பெரிய விஷயம்.

பெரும்பான்மை இல்லாதவரை எப்படி ஆட்சி அமைக்க அழைக்கிறார்கள்? சட்டத்தில் இடமிருக்கிறதா?

அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. மாநிலங்களுக்கு 164ஆவது பிரிவில் இதே ஏற்பாடு. '272 பேர் கையெழுத்து வாங்கி வா' என்று எங்கும் எழுதவில்லை. அவை உங்களை வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் நீங்கள் இருக்கலாம்.

அந்த இடைவெளியை ஒவ்வொரு குடியரசுத் தலைவரும் தன் பாணியில் நிரப்பினார்கள். 1989இல் ஆர். வெங்கட்ராமன் தனிப்பெரும் கட்சியை முதலில் அழைத்தார். 197 இடம் வைத்திருந்த ராஜீவ் காந்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1996இல் சங்கர் தயாள் சர்மாவும் அதே வழக்கப்படி வாஜ்பாயியை அழைத்தார். 161 இடம் மட்டுமே வைத்திருந்த அந்த அரசு 13 நாளில், வாக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல் வெளியேறியது. அதைப் பார்த்த கே.ஆர். நாராயணன் 1998இல் முறையை மாற்றினார்: ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். அந்தக் கடிதங்களில் ஒன்று போயஸ் தோட்டத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அது வராமல் வாஜ்பாயி காத்துக்கொண்டிருந்த நாட்கள், பின்னால் வரப்போவதற்கு ஒரு முன்னோட்டம்.

'வெளியிலிருந்து ஆதரவு' என்றால் என்ன? ஏன் உள்ளேயே போய் அமைச்சராக மாட்டேன் என்கிறார்கள்?

அமைச்சரானால் கெட்ட பெயரிலும் பங்கு உண்டு. பெட்ரோல் விலை ஏறினால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். வெளியே இருந்தால் விலை ஏற்றத்தைக் கண்டித்து மறியலும் செய்யலாம், மறுநாள் அவையில் அதே அரசுக்குக் கைதூக்கவும் செய்யலாம். 2004 முதல் 2008 வரை மன்மோகன் சிங் அரசுக்கு இடதுசாரிகள் கொடுத்தது இந்த வகை ஆதரவுதான்.

இன்னொரு வகையும் உண்டு. கவிழ்ப்பதற்காகவே கொடுக்கப்படும் ஆதரவு. 1979 ஜூலை 28 அன்று சரண் சிங் பிரதமரானார், இந்திரா காந்தியின் கட்சி தந்த ஆதரவில். ஆகஸ்ட் 20 அன்று அவையைச் சந்திக்க வேண்டிய நேரத்தில் ஆதரவு போய்விட்டது. நாடாளுமன்றத்தை ஒரு நாள்கூடச் சந்திக்காத பிரதமர் என்ற பெயர்தான் அவருக்கு மிச்சம். தமிழ் வாசகர்களுக்கு ஒரு கொசுறு: அந்த அமைச்சரவையில்தான் சத்தியவாணி முத்து, பாலா பழனூர் என்று அ.தி.மு.க.வைச் சேர்ந்த இருவர் மத்திய அமைச்சர்கள் ஆனார்கள். திராவிடக் கட்சி ஒன்று டெல்லி அமைச்சரவையில் முதன்முதலாக உட்கார்ந்ததே, விழப்போகிற ஒரு மைனாரிட்டி அரசில்தான்.

எண்ணிக்கை இல்லாத அரசு எதனால்தான் நிற்கிறது?

பலரும் 'ஆதரவுக் கட்சிகளால்' என்று பதில் சொல்வார்கள். பாதி உண்மை. என் கணிப்பில், மைனாரிட்டி அரசைக் காப்பாற்றுவது அதன் நண்பர்கள் அல்ல. அதன் எதிரிகளுக்குள் இருக்கும் பகை. எதிரே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்தால் கவிழ்த்துவிடலாம். ஆனால் சேர மாட்டார்கள். சேர்ந்தாலும் கவிழ்த்த பிறகு யார் நாற்காலியில் உட்காருவது என்று ஒத்துப்போக மாட்டார்கள். போதாக்குறைக்கு, தேர்தல் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் மறுபடியும் ஓட்டுக் கேட்டுப் போக ஒரு எம்.பி.க்கும் மனசு வராது.

நரசிம்ம ராவ் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். 1991 ஜூன் 21 அன்று பதவியேற்றபோது அவருக்குப் பெரும்பான்மை கிடையாது. எதிரே ஒரு பக்கம் பா.ஜ.க., இன்னொரு பக்கம் ஜனதா தளமும் இடதுசாரிகளும். மண்டலும் (இட ஒதுக்கீடு) மந்திரும் (அயோத்தி ராமர் கோயில்) அந்த இரு தரப்பையும் கிழித்துப் போட்டிருந்த நேரம். ஜூலையில் அவர் நம்பிக்கை வாக்கு கோரியபோது ஜனதா தளத்தின் தேசிய முன்னணியும் இடதுசாரிகளும் எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றன. அதே மாதம் 24ஆம் தேதி மன்மோகன் சிங் தாக்கல் செய்த பட்ஜெட் இந்தியப் பொருளாதாரத்தின் திசையையே திருப்பியது. சோசலிசம் பேசிய நாடாளுமன்றத்தில், தனிப்பெரும்பான்மைகூட இல்லாத ஒருவர் இதைச் செய்தார்! எதிரிகள் ஒன்றுசேர்வதும் பின்னால் நடந்தது. 1993 ஜூலை 28 அன்று இடதுசாரிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பா.ஜ.க.வும் வாக்களித்தது. ஆதரவு 251, எதிர்ப்பு 265. ராவ் தப்பினார். எப்படித் தப்பினார் என்பது வேறு கதை, கீழே வருகிறது.

ஆதரவு கொடுப்பவர் என்ன விலை கேட்பார்?

இதுதான் நிறையப் பேச வேண்டிய இடம். மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். மூன்றிலுமே கேட்கப்பட்ட விலை ஒன்றுதான்: தி.மு.க.

முதலாவது. 1990 நவம்பரில் வி.பி. சிங் கவிழ்ந்ததும், ஜனதா தளத்தை உடைத்துக்கொண்டு சுமார் 60 எம்.பி.க்களோடு சந்திரசேகர் பிரதமரானார். தாங்கிப் பிடித்தது காங்கிரஸ். காங்கிரசோடு அப்போது கைகோத்திருந்தது அ.தி.மு.க. அவர்கள் கேட்டது கருணாநிதி அரசின் தலை. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆனால் மாநில அரசைக் கலைக்க வழிவிடும் 356ஆவது பிரிவில் 'ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ' என்று இரண்டு சொல் இருக்கிறது. அந்த 'வேறு வகை'யைப் பிடித்துக்கொண்டு 1991 ஜனவரி 30 அன்று, பேரவையில் பெரும்பான்மை இருந்த அரசைக் கலைத்தார்கள். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். கேட்டதைக் கொடுத்தாரே, சந்திரசேகர் பிழைத்தாரா? ராஜீவ் காந்தி வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் உளவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் முறைத்துக்கொண்டது. மார்ச் 6 அன்று அவர் ராஜினாமா செய்தார். விலை கொடுத்து சரியாக ஐந்து வாரம்.

இரண்டாவது. 1997. ஐக்கிய முன்னணி அரசு, பிரதமர் ஐ.கே. குஜ்ரால், வெளியிலிருந்து ஆதரவு மறுபடியும் காங்கிரஸ். ராஜீவ் கொலை பற்றி விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை நவம்பரில் கசிந்தது. தி.மு.க. அமைச்சர்களை வெளியேற்று என்றது காங்கிரஸ். முடியாது என்றார்கள் குஜ்ராலும் மற்றவர்களும். நவம்பர் 28 அன்று ஆதரவு வாபஸ், அரசு போயிற்று. இந்த முறை விலை கொடுக்காமல் செத்தார்கள்.

மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். 1998இல் 18 எம்.பி.க்களோடு வாஜ்பாயியைத் தாங்கிய ஜெயலலிதா, தி.மு.க. அரசைக் கலைக்கச் சொல்லி விடாமல் நெருக்கினார். வாஜ்பாயி அசையவில்லை. கடைசியில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் நீக்கப்பட்ட விவகாரமும் சேர்ந்துகொண்டது. 1999 மார்ச்சில் டெல்லியில் சுப்பிரமணியன் சுவாமி ஒரு தேநீர் விருந்து கொடுத்தார். அதில் சோனியாவும் ஜெயலலிதாவும் சந்தித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 14 அன்று ஆதரவு வாபஸ்.

ஆக, சென்னையில் இருந்த பகையின் கணக்கைத் தீர்க்கும் இடமாக டெல்லி மாறிப்போனது. மைனாரிட்டி அரசின் விலையைப் பெரும்பாலும் அந்த அரசு கொடுப்பதில்லை. பேரத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாவது ஆள்தான் கொடுக்கிறார்.

272 இல்லாமல் வாக்கெடுப்பில் ஜெயிக்க முடியுமா? ஒரே ஓட்டில் கவிழ்ந்த கதை என்ன?

முடியும். 100ஆவது பிரிவின்படி, அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். வராதவர், வந்து வாக்களிக்காதவர் யாரும் கணக்கில் சேர மாட்டார்கள். சபாநாயகர் வாக்களிப்பதில்லை, சமமாக வந்தால் மட்டும் ஒரு வாக்கு அவர் கையில். அதனால்தான் 'எத்தனை பேர் ஆதரவு' என்பதைவிட 'எத்தனை பேர் அன்றைக்கு வரமாட்டார்கள்' என்ற கணக்கு முக்கியம்.

1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. வாஜ்பாயிக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்றுவரை சண்டை. காங்கிரசின் கிரிதர் கமாங் ஒடிசாவின் முதல்வராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஆனால் எம்.பி. பதவியை விடவில்லை. வந்து வாக்களித்தார். சபாநாயகர் பாலயோகி அதை அவரது மனசாட்சிக்கே விட்டுவிட்டார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தன் கட்சியின் கொறடா உத்தரவை (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) மீறி எதிர்த்து வாக்களித்தார். வாக்களிக்காமல் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட மாயாவதியின் கட்சி, கடைசி நேரத்தில் எதிர்ப்புப் பொத்தானை அழுத்தியது. ஒரு ஓட்டில் தோற்றால் ஒவ்வொரு ஓட்டும் அந்த ஒரு ஓட்டுதான்.

அதே வாக்கெடுப்பில் தி.மு.க. எந்தப் பக்கம்? வாஜ்பாயியின் பக்கம். அ.தி.மு.க. அந்தப் பக்கம் போனால் தி.மு.க. இந்தப் பக்கம் வரும் என்பதைப் புரிந்துகொள்ள அரசியல் விஞ்ஞானம் படிக்க வேண்டியதில்லை.

கவிழ்த்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? 272 பேர் இருக்கிறார்கள் என்று சோனியா சொன்னார். முலாயம் சிங் கையை விரித்தார். மாற்று அரசு அமையவில்லை. வாஜ்பாயி காபந்து பிரதமராகத் தொடர்ந்தார். அதற்குள் கார்கில் போரும் வந்துபோனது. செப்டம்பர், அக்டோபர் தேர்தலில் அவர் கூட்டணி தெளிவான பெரும்பான்மையோடு திரும்பியது. முன்னே சொன்ன எதிரிகளின் பகை இங்கே ஒரு அடி தாமதமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

2006 முதல் 2011 வரை இருந்த தி.மு.க. ஆட்சி உண்மையிலேயே மைனாரிட்டி அரசா, அல்லது அது ஜெயலலிதாவின் அரசியல் பேச்சா?

இரண்டும். தி.மு.க.வுக்கு 234இல் 96. தேவை 118. காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6 என்று கூட்டணியின் கணக்கு 163. ஆனால் அமைச்சரவையில் தி.மு.க.வைத் தவிர ஒருவர்கூட இல்லை. இலக்கணப்படி பார்த்தால் மைனாரிட்டி அரசுதான். ஜெயலலிதா விடுவாரா? ஐந்து வருடமும் அவரது அறிக்கைகளில் 'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்ற சொல் தவறாமல் வந்தது. அடைமொழி மாதிரி ஒட்டிக்கொண்டது. சிறுபான்மை அரசு என்று தமிழில் சொன்னால் மதச் சிறுபான்மையினரோடு குழம்பும் என்பதாலோ என்னவோ, இந்த ஆங்கிலச் சொல்லே ஊரெங்கும் நிலைத்துவிட்டது. நானும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது வேறு. பா.ம.க.வும் இடதுசாரிகளும் 2008 வாக்கில் விலகிப் போனார்கள். அரசு ஆடவில்லை. 96உடன் 34ஐக் கூட்டினால் 130, போதும். காங்கிரஸ் விலகினால்தான் ஆபத்து. தமிழ்நாட்டுக் காங்கிரசில் 'ஆட்சியில் பங்கு வேண்டும்' என்ற குரல் அவ்வப்போது எழுந்தது. ஆனால் சத்தியமூர்த்தி பவனில் யார் என்ன பேசினாலும் டெல்லி தலையாட்டவில்லை. காரணம் எளிது. டெல்லியில் மன்மோகன் சிங் அரசுக்கு தி.மு.க. எம்.பி.க்கள் வேண்டும்: 2004இல் 16 பேர், 2009இல் 18 பேர். சென்னையில் கருணாநிதிக்கு காங்கிரசின் 34 பேர் வேண்டும். இவர் குடுமி அவர் கையில், அவர் குடுமி இவர் கையில். இரண்டு பேரும் இழுக்காமல் இருந்ததால் இரண்டு அரசும் நின்றன. 2011 மார்ச்சில் காங்கிரஸ் 63 தொகுதி கேட்டு அடம்பிடித்தபோது தி.மு.க. மத்திய அமைச்சர்கள் ராஜினாமா செய்வார்கள் என்று அறிவிப்பு வந்ததும், மூன்று நாளில் 63 கொடுத்து சமாதானமானதும் இந்தக் குடுமிப்பிடியின் கடைசிக் காட்சி. இரண்டு வருடம் கழித்து 2013 மார்ச்சில் இலங்கைப் பிரச்சினையை முன்வைத்து தி.மு.க. டெல்லியில் ஆதரவை விலக்கியது. அப்போது சென்னையில் அதற்கு ஆட்சியே இல்லை, இழக்க ஒன்றும் கிடையாது. முலாயமும் மாயாவதியும் வெளியே இருந்து தாங்க, மன்மோகன் அரசு மிச்சக் காலத்தையும் ஓட்டிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் அந்த இருவரும் ஜென்மப் பகைவர்கள். ஒருவர் விலகினால் இன்னொருவர் நெருங்கிவிடுவாரோ என்ற பயத்திலேயே இருவரும் நின்றார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதா?

இல்லவே இல்லை. குடியரசின் முதல் தேர்தலிலேயே நடந்தது. 1952இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்கு 375 இடம், காங்கிரஸ் ஜெயித்தது 152. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து அதைவிடப் பெரிய அணியைக் காட்டினார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். பிறகு எண்ணிக்கை சேர்க்கும் வேலை நடந்தது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ஜூலையில் பேரவையில் ராஜாஜி தாராளமாகவே வென்றார். ஆளுநர்கள் பற்றி இன்று நாம் புலம்பும் பலவற்றுக்கும் பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது.

நம்பிக்கை கோரும் தீர்மானமும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் ஒன்றா?

முன்னது அரசே கொண்டுவருவது, பின்னது எதிர்க்கட்சி கொண்டுவருவது. பின்னதற்கு மக்களவையில் 50 பேர் ஆதரவு வேண்டும். ஒரு விசித்திரம்: மக்களவையில் இதுவரை ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம்கூட நிறைவேறியதில்லை. வி.பி. சிங், தேவ கவுடா, வாஜ்பாயி மூன்று பேரும் தாங்களே கோரிய நம்பிக்கை வாக்கில்தான் தோற்றார்கள். 1979இல் மொரார்ஜி தேசாய் மட்டும் எதிர்க்கட்சியின் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் விலகிக்கொண்டார்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் ஆட்கள் எப்படித் தாவுகிறார்கள்?

1985இல் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்று ஓட்டை இருந்தது. சந்திரசேகர் ஜனதா தளத்தை உடைத்தது அந்தக் காலத்தில்தான். 2003இல் அதை அடைத்தார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேரோடு வேறு கட்சியில் இணைந்தால்தான் பாதுகாப்பு.

ஆனால் தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017இல் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-11 என்று நம்பிக்கை வாக்கில் வென்றார். கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்களை அடைத்து வைத்திருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஓ.பி.எஸ். தரப்பில் 11 பேர் அவையிலேயே எதிர்த்து வாக்களித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு அணிகள் இணைந்தன, ஓ.பி.எஸ். துணை முதல்வரே ஆனார். அதே வருடம் ஆகஸ்டில் தினகரன் தரப்பு எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேர் செப்டம்பர் 18 அன்று பதவி இழந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் துணை முதல்வர், கடிதம் கொடுத்தவர் வீட்டுக்கு!

இதில் கணக்கும் ஒளிந்திருக்கிறது. 234இல் 18 போனால் 216. பெரும்பான்மைக்குத் தேவை 118இலிருந்து 109 ஆகக் குறைந்துவிடும். ஆள் சேர்க்க முடியாதவர் அவையைச் சிறிதாக்கினால் போதும். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றது என இழுத்து, 2019 மே மாதம் 22 தொகுதி இடைத்தேர்தலில்தான் முடிவு தெரிந்தது. அ.தி.மு.க. 9, தி.மு.க. 13. அந்த ஒன்பது இடத்தில் அரசு மிச்சக் காலத்தை ஓட்டியது.

குதிரைப் பேரம் நடந்தால் தண்டனை உண்டா?

நரசிம்ம ராவ் 1993இல் தப்பிய கதை இங்கே வருகிறது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசுக்கு வாக்களித்தார்கள் என்று வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம் 3-2 என்று ஒரு தீர்ப்பு சொன்னது: அவையில் போட்ட வாக்குக்காக எந்த வழக்கும் போட முடியாது என்று 105ஆவது பிரிவு பாதுகாப்புத் தருவதால், பணம் வாங்கி வாக்களித்தவர் மீது நடவடிக்கை இல்லை. பணம் வாங்கிவிட்டு வாக்களிக்காதவருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. அதாவது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஊழல்வாதி தப்பினார், ஏமாற்றியவர் மாட்டினார். இந்த விநோதம் 26 வருடம் நீடித்தது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு சீதா சோரன் வழக்கில் அதை மாற்றியது. இப்போது லஞ்சத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் இது ரொக்கமாகக் கொடுத்தால்தான் எளிதில் பிடிபடும். அமைச்சர் பதவி, வாரியத் தலைவர் பதவி என்று தருவதை லஞ்சம் என்று யார் நிரூபிப்பது?

பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் தன் மாளிகையிலேயே எண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பலத்தைச் சோதிக்கும் இடம் அவையின் தளம்தான். 2018இல் கர்நாடகத்தில் 104 இடம் வைத்திருந்த எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் அவகாசம் கொடுத்தார். நீதிமன்றம் அதை ஓரிரு நாளாகச் சுருக்கியது. அவர் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். அவகாசம் என்பது வேறொன்றுமில்லை, ஆள் பிடிக்கும் நேரம். அது குறைந்தால் ரிசார்ட் பில்லும் குறையும்.

பட்ஜெட்டில் தோற்றால் அரசு போய்விடுமா?

போக வேண்டும், மரபுப்படி. செலவுக்குப் பணம் வாங்க முடியாத அரசு அரசே அல்ல. சாதாரண மசோதாவில் தோற்றால் தலைகுனிவு மட்டும்தான். அதனால்தான் மைனாரிட்டி அரசுகள் சண்டை வரும் மசோதாக்களை ஊறப்போட்டுவிட்டு, பட்ஜெட்டை மட்டும் எப்படியாவது கரையேற்றும்.

வெளிநாடுகளிலும் இதே கூத்துதானா?

கனடாவில் ஏறத்தாழ இதேதான். 2008 தேர்தலில் 308இல் 143 இடம் பெற்ற ஸ்டீபன் ஹார்ப்பரைக் கவிழ்க்க லிபரல்களும் புதிய ஜனநாயகக் கட்சியும் டிசம்பர் 1 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். கியூபெக் பிரிவினைவாதக் கட்சி ஆதரவு தருவதாகச் சொன்னது. ஹார்ப்பர் வாக்கெடுப்பைச் சந்திக்கவில்லை. நான்காம் தேதி கவர்னர் ஜெனரலிடம் போய் நாடாளுமன்றக் கூட்டத்தொடரையே ஜனவரி வரை முடித்துவைத்துவிட்டார். அதற்குள் எதிரணி உடைந்துபோனது. 2011 மார்ச்சில் அவரைக் கவிழ்த்தார்கள். மே மாதத் தேர்தலில் தனிப்பெரும்பான்மையோடு வந்தார். 1999 வாஜ்பாயி ஞாபகம் வருகிறதா?

வடக்கு ஐரோப்பாவில் வேறு மாதிரி. டென்மார்க்கில் மைனாரிட்டி அரசுதான் வழக்கம், பெரும்பான்மை அரசு வந்தால்தான் செய்தி. சுவீடனில் பிரதமருக்கு ஆதரவாகப் பாதிப் பேர் வேண்டியதில்லை. எதிராகப் பாதிப் பேர் இல்லாமல் இருந்தால் போதும். 2021 நவம்பரில் மக்தலேனா ஆண்டர்சனுக்கு 349 பேர் அவையில் ஆதரவு 117, எதிர்ப்பு 174. எதிர்ப்பு 175ஐத் தொடாததால் அவர் ஜெயித்தார். சில மணி நேரத்தில் கூட்டணிக் கட்சி விலகியதால் ராஜினாமா செய்து, அடுத்த வாரமே மறுபடி தேர்வானார். ஜெர்மனியில் இன்னும் கறார்: அடுத்த பிரதமர் யார் என்று பெயரைச் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மையைக் காட்டினால்தான் இருப்பவரை இறக்கலாம். 1982இல் ஷ்மிட்டை இறக்கி கோலைக் கொண்டுவந்தது அப்படித்தான். இந்த விதி நம்மிடம் இருந்திருந்தால் 1999 ஏப்ரலில் வாஜ்பாயி விழுந்திருக்க மாட்டார்.

அப்படியானால் மைனாரிட்டி அரசு நல்லதா, கெட்டதா?

எனக்கு நேரடியான பதில் கிடையாது. ராவின் அரசு ஐந்து வருடம் இருந்து நாட்டையே மாற்றியது. 2006 தி.மு.க. அரசு கலர் டிவி, ஒரு ரூபாய் அரிசி, காப்பீட்டுத் திட்டம் என்று நினைத்ததையெல்லாம் செய்தது. சந்திரசேகர் அரசோ ஒரு முழு பட்ஜெட்கூடப் போட முடியாமல் போனது. எண்ணிக்கையை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: கவிழ்க்கும் சாவி ஒரே ஒருவர் கையில் இருந்தால் அந்த அரசு அவருக்கு வேலைக்காரன். சாவி நான்கைந்து பேரிடம் இருந்து, அவர்களுக்குள் ஆகாது என்றால், பிரதமர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நம்பிக்கை வாக்கெடுப்பை டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பேச்சுகளைக் கேளுங்கள், சுவையாக இருக்கும். ஆனால் கண்ணை காலி நாற்காலிகள் மேல் வையுங்கள். யாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி, யார் ஆம்புலன்சில் வந்தார், யார் சரியான நேரத்தில் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பாருங்கள். மின்னணுப் பலகையில் முதலில் வரும் எண்ணை நம்பி டிவியை அணைத்துவிடாதீர்கள். 2008 ஜூலை 22 அன்று, பா.ஜ.க. எம்.பி.க்கள் அவை நடுவே கட்டுக் கட்டாக நோட்டுகளைக் கொட்டிக் காட்டிய அந்த நாளில், பொத்தான் வேலை செய்யாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்குகளையும் சேர்த்த பிறகுதான் 275-256 என்று முடிவு வந்தது.